எழுதப் படிக்கத் தெரியாத இன்ஜின்மேன்: ஜார்ஜ் ஸ்டீவன்சனின் முதல் 34 வருஷம்

இன்னைக்கு ஜார்ஜ் ஸ்டீவன்சன். 'ரயில்வேயின் தந்தை'ன்னு ஸ்கூல் புத்தகத்துல ஒரே வரியில முடிச்சிடுவாங்க. ராக்கெட் இன்ஜின், லிவர்பூல்–மான்செஸ்டர் லைன் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். அதுக்கு முன்னாடி இந்த ஆளு யாரு?

1781 ஜூன் 9, இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் பக்கத்தில் வைலம் என்ற கிராமம். ஒரே வீட்டில் நாலு குடும்பம், இவங்களுக்கு ஒரே ஒரு அறை. அப்பா ராபர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுறவர். அவருக்கும் சரி, அம்மா மேபெலுக்கும் சரி, எழுதப் படிக்கத் தெரியாது.

ஆனா வீட்டு வாசல்ல தண்டவாளம் இருந்தது. மரத் தண்டவாளம். அதுமேல குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துட்டுப் போகும். இன்ஜின் வந்த பிறகுதான் தண்டவாளம் வந்துச்சுன்னு நாம நினைச்சுக்கறோம். உண்மையில ரொம்ப காலமா ரெடியா இருந்தது தண்டவாளம்தான். குதிரைக்குப் பதிலா வேற எதை வைக்கலாம்ங்கறதுதான் கேள்வி.

சின்னப் பையனா மாடு மேய்த்தார், கரியில் கலந்த கல்லைப் பொறுக்கினார். 17 வயசுல நியூபர்ன் சுரங்கத்தில் இன்ஜின்மேன். ஓய்வு நேரத்தில் அந்த இன்ஜினைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்பப் பூட்டுவார். (நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் நான் ஒரு மோட்டாரைக்கூட முழுசா பிரிச்சதில்ல.) 18 வயசு வரைக்கும் தன் பேரையே எழுதத் தெரியாது. அப்புறம் தன் கூலியில் காசு கொடுத்து இரவுப் பள்ளியில் சேர்ந்தார்.

1802ல் ஃபிரான்சஸை கல்யாணம் பண்ணார். சம்பளம் பத்தல, அதனால ராத்திரியில செருப்புத் தைப்பார், கடிகாரம் ரிப்பேர் பண்ணுவார். 1803ல் மகன் ராபர்ட் பிறந்தான். அடுத்துப் பிறந்த பெண் குழந்தை சில வாரத்திலேயே இறந்துபோச்சு. 1806ல் காசநோயில் மனைவியும் போயிட்டாங்க. மகனை விட்டுட்டு ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போனார். சில மாசத்துல திரும்ப வேண்டியதாச்சு, ஏன்னா நீராவி அடிச்சு அப்பாவுக்குக் கண் பார்வை போயிடுச்சு.

திருப்பம் 1811ல். கில்லிங்வொர்த்தில் ஒரு புதுக் குழியில் வச்ச பம்ப் இன்ஜின் தண்ணியை இறைக்கவே மாட்டேங்குது. அனுபவசாலிகள் எல்லாம் முயற்சி பண்ணிக் கைவிட்டாச்சு. இவர் சரி பண்ணிக் காட்டினார். குளிர்ந்த நீர்த் தொட்டியை உயர்த்தினார், சிலிண்டருக்குள் அந்த நீர் பாயுற துளையைப் பெரிசாக்கினார், நீராவி அழுத்தத்தையும் கூட்டினார். அந்த மாதிரி இன்ஜினில் நீராவியை எவ்வளவு வேகமா குளிர வைக்கறோமோ அவ்வளவு இழுவிசை. தடை எங்கன்னு அவர் கண்டுபிடிச்சிட்டார். அடுத்த வருஷமே அங்கிருந்த எல்லா இன்ஜினுக்கும் அவர்தான் பொறுப்பு. 1814ல் 'புளூக்கர்': 30 டன் கரியை ஏற்றத்தில் மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்த அவருடைய முதல் லோகோமோட்டிவ்.

எனக்கு இதைவிட முக்கியமாப் படுறது 1815. சுரங்கத்தில் சேர்ற மீத்தேன், விளக்குத் தீ பட்டா வெடிக்கும். ஆட்கள் கொத்தாச் செத்துட்டிருந்தாங்க. குறுகலான துளை வழியா தீ வெளியே தாவாதுங்கறதை ஸ்டீவன்சன் சோதனை பண்ணியே கண்டுபிடிச்சார். அக்டோபர்ல விளக்கை எடுத்துட்டு வாயு கசியுற இடத்துக்குத் தானே போனார். அடுத்த மாசம் லண்டன்ல ஹம்ஃப்ரி டேவி, பெரிய விஞ்ஞானி, தன் விளக்கைப் பத்தி அறிவிக்கிறார். டேவிக்கு 2000 பவுண்ட் பரிசு. இவருக்கு 100 கினி, கூடவே திருடன்னு பட்டம். படிக்காத சுரங்கக்காரனுக்கு இது எப்படித் தோணும்ங்கறதுதான் அவங்க வாதம்! உள்ளூர்க்காரங்க விசாரணை வச்சு, அவர் பக்கம் நின்னு, 1000 பவுண்ட் திரட்டிக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் சம உரிமைன்னு நாடாளுமன்றக் குழு சொல்ல 1833 ஆச்சு.

மகனை அவர் நியூகாசிலில் நல்ல பள்ளியில் சேர்த்தார். பையன் கொண்டு வர்ற புத்தகங்களை சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து படிப்பாங்க. 1816ல் அப்பாவும் மகனும் கணக்குப் போட்டு ஒரு சூரியக் கடிகாரம் செஞ்சு வாசல் கதவுக்கு மேல பதிச்சாங்க. கில்லிங்வொர்த் வெஸ்ட் மூரில் அந்த வீடு இன்னும் இருக்கு, பேரு 'டயல் காட்டேஜ்'.