செஞ்சி வெயிலில் ஃபெரெட் தாங்குமா?

அக்னி நட்சத்திரத்தில் செஞ்சியின் ராஜகிரிப் பாறையில் ஏறிய சூடு பொழுது சாய்ந்தும் இறங்காது. இந்த ஊரில் ஃபெரெட் வளர்க்க ஆசைப்படுகிறவர், அதன் விலையை விசாரிக்கும் முன் வீட்டின் வெப்பநிலையைப் பார்ப்பது நல்லது.

ஃபெரெட், நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் முயல் பிடிக்கவென்று 2,000 ஆண்டுகளாகப் பழக்கப்பட்ட குளிர்நாட்டு விலங்கு. வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள அதற்கு வழியில்லை என்பதால், மின்விசிறிக் காற்றால் பெரிய பயன் கிடையாது. 30 டிகிரியைத் தாண்டினாலே துவண்டுபோகும். ஏசி வேண்டும்; கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு வேண்டும்.

சாப்பாடும் லேசான விஷயமில்லை. அது முழு மாமிச உண்ணி. குடல் நீளம் குறைவு. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதனால் அடிக்கடி இறைச்சி கொடுத்தாக வேண்டும். நாய்க்குப் போடுகிற பால்சோறு ஆகாது.

பெண் ஃபெரெட்டின் கதை இன்னும் மோசம். பருவத்துக்கு வந்தபின் இணை சேராமலும் கருத்தடை செய்யாமலும் விட்டால், பருவச் சூடு தணியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும். ஈஸ்ட்ரோஜன் மிகுந்து எலும்பு மஜ்ஜையை முடக்கும். ரத்தம் வற்றிச் சாகும். விற்பவர்கள் இதைச் சொல்லி விற்றால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆணோ பெண்ணோ, தெருநாய்களிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் நோய், தடுப்பூசி போடாத ஃபெரெட்டை அநேகமாகக் கொன்றுவிடும்.

சரி, நம்மூர் விலங்கையே வளர்க்கலாமே? மோயாற்றில் நீர்நாய் உண்டு. ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நம் நாட்டு நீர்நாய்களில் இரண்டு இனங்களை நாடுகளுக்கிடையே வணிகத்துக்காக வாங்கி விற்பதற்கும் 2019-இல் தடை வந்துவிட்டது. கூண்டில் வாழும் சிறுநக நீர்நாய்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது உயிரியல் பூங்காக்களுக்கே தலைவலி.

செஞ்சிப் பக்கம் வைக்கோல் போரிலும் கல் இடுக்கிலும் கண்ணில் படக்கூடியது கீரி. அது நீர்நாய், ஃபெரெட் குடும்பமே அல்ல, பூனை வகையறா. அதே சட்டம் அதற்கும் உண்டு. குட்டி தனியாகக் கிடந்தால் எடுக்காமல் விலகி நில்லுங்கள்; தாய் வந்து கவ்விக்கொண்டு போகலாம். அடிபட்டிருந்தால் துணி விரித்த அட்டைப் பெட்டியில், இருட்டான இடத்தில் வைத்து, பால் எதுவும் புகட்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.