கையளவுக் கணினி – 9: மூன்று கம்பி போதும்

சென்ற வாரம் ராஸ்பெர்ரி பை பலகைக்கு மெமரி கார்டில் லினக்ஸை ஏற்றினோம். திரையில் ஒன்றும் தெரியாமல் விழித்தவர்கள் இந்த வாரம் திரையையே மறந்துவிடலாம். பலகை விழிக்கும்போது என்னென்ன செய்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை வரி வரியாக ஒப்பிக்க அதில் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது.

பழைய கணினிகளின் முதுகில் ஒன்பது ஊசி சாக்கெட் இருக்குமே, அதே வேலைதான். சாக்கெட் மட்டும் கிடையாது. 40 பின் வரிசையில் 8-வது அனுப்பும் பின், 10-வது வாங்கும் பின், 6-வது கிரவுண்ட். மூன்று கம்பி போதும்.

ஆனால் வோல்டேஜ் வேறு. பழைய ஆர்.எஸ்-232 முறையில் ‘1’ என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட். ‘0’ என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15. பையிலோ ‘0’ என்றால் 0 வோல்ட், ‘1’ என்றால் 3.3 வோல்ட், அவ்வளவுதான். 5 வோல்ட்டைக்கூட அந்தப் பின்கள் தாங்காது. பழைய கருவி எதையாவது நேரடியாக மாட்டினால் பலகை போய்விடும். நடுவில் மேக்ஸ்3232 சிப் வேண்டும். சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களின் துணையோடு 3.3 வோல்ட்டை அதுவே ஏற்றி, மைனஸ் பக்கத்தையும் தயாரித்துக்கொள்ளும். மேக்ஸ்232 என்று கேட்டால் 5 வோல்ட் சிப்பைத்தான் கொடுப்பார்கள். கடையில் அந்த இன்னொரு 3-ஐ விடாமல் சொல்லுங்கள்.

லேப்டாப்போடு இணைக்க யுஎஸ்பி-டிடிஎல் கேபிள் வாங்குங்கள், 3.3 வோல்ட் வகையாகப் பார்த்து. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று பெரும்பாலும் நான்கு கம்பி வரும். சிவப்பு 5 வோல்ட். பலகைக்குத் தனி அடாப்டர் இருந்தால் இந்தச் சிவப்புக் கம்பியைத் தொடவே வேண்டாம். கறுப்பு கிரவுண்ட். இங்கேதான் கவனம்: 6-வது பின்னுக்குப் பக்கத்திலிருக்கும் 4-வது பின்னில் 5 வோல்ட் ஓடுகிறது. ஒரு பின் தள்ளி மாட்டினால் கதை முடிந்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் மாட்டி, இருமுறை எண்ணிப் பாருங்கள்.

மற்ற இரண்டும் குறுக்காகப் போக வேண்டும். இவர் வாய் அவர் காதுக்கு. மாறிவிட்டால் பொதுவாக எதுவும் எரியாது, பேச்சுதான் வராது; மாற்றிச் செருகுங்கள். வெள்ளையும் பச்சையும் எது எது என்பது கேபிள் தயாரிப்பாளரின் விருப்பம், நிறத்தை நம்பாதீர்கள்.

வேகம் 115200. ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 10 பிட், ஆக நொடிக்கு 11,520 எழுத்து. திரையில் கிறுக்கல் வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் சீரியலை இயக்கும்போது இரண்டு கேள்வி வரும். சீரியல் வழியாக லாகின் வேண்டுமா என்பது முதலாவது. ஜிபிஎஸ் போன்ற கருவியை மாட்டப் போகிறீர்கள் என்றால் ‘இல்லை’ சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸிடம் லினக்ஸ் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்கும்!

இனி ஆடியோ. 2012-ல் வந்த முதல் பலகையில் ஆடியோவுக்கும் வீடியோவுக்கும் தனித்தனி சாக்கெட் இருந்தது. 2014-ன் பி பிளஸ் இரண்டையும் ஒரே 3.5 மி.மீ. சாக்கெட்டில் அடைத்தது. நுனி இடது, அடுத்தது வலது, பிறகு கிரவுண்ட், கடைசியில் வீடியோ. பழைய கேம்கார்டர் கேபிள்கள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். உர்ரென்று சத்தம் வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

நல்ல கேபிளிலும் மெல்லிய இரைச்சல் கேட்கும். ஒலிக்கென்று தனி டிஏசி, அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப், அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் இல்லை. ஒரு பின்னை மிக வேகமாக அணைத்து ஏற்றி, அந்தத் துடிப்பை ஃபில்டரில் சமன்செய்து ஒலியாக்குகிறார்கள். செய்தி கேட்க இது போதும். வீணை கேட்க உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். 2023-ன் பை 5-ல் அந்தச் சாக்கெட்டையே எடுத்துவிட்டார்கள், எனக்கு வருத்தமில்லை.

பிசிஎம்5102 டிஏசி பலகை ஒன்றை வாங்கிவிடுங்கள். ஐ2எஸ் என்ற முறையில் பேசும். 1986-ல் ஃபிலிப்ஸ் வகுத்தது. 12-வது பின் பிட் கடிகாரம், 35 இடது-வலது, 40 டேட்டா. கூடவே மின்சாரமும் கிரவுண்டும். சிடி தரத்துக்கே நொடிக்கு 14 லட்சத்துக்கு மேல் பிட்கள் ஓடும் என்பதால் கம்பிகளை விரல் நீளத்துக்குள் வையுங்கள். டிஏசி பலகையில் எஸ்சிகே என்று ஒரு முனை இருக்கும். பையிலிருந்து அதற்குக் கம்பி கிடையாது. அதைக் கிரவுண்டோடு சால்டர் வைத்து இணையுங்கள். அப்போதுதான் தேவையான கடிகாரத்தைச் சிப் தானே உருவாக்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக மாட்டியும் ஒலி வராதவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

(தொடரும்)