பைத்தான் என்று கூப்பிட்டால் எந்தப் பைத்தான் வரும், தெரியுமா?

ஏழை இரண்டால் வகுத்தால் என்ன வரும்? மூன்றரை என்பீர்கள். ஒரே கணினியில், ஒரே வரியை இரண்டு முறை ஓட்டி, முதல் முறை 3 என்றும் அடுத்த முறை 3.5 என்றும் விடை வாங்கலாம், தெரியுமா? பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இடம் 7/2 என்று கேட்டால் 3. புதிய பதிப்பான பைத்தான் 3-இடம் அதையே கேட்டால் 3.5. இருவரும் அதே கணினிக்குள் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள்!

நம் மொழியையே கொடுத்துப் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று லினக்ஸ் டெர்மினலில் பைத்தான் 2-ஐக் கேட்டால் 15 என்கிறது! பைத்தான் 3-ஐக் கேட்டால் 5! பழையது பைட்டுகளை எண்ணுகிறது; யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகிறது. புதியது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் 3 என்ற விடை வேண்டுமானால், அதற்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள். பைத்தான் 3-ல் 'மதிப்பெண் = 92' என்று மாறியின் பெயரையே தமிழில் எழுதலாம். ஓடும்! பைத்தான் 2 அந்த வரியைக் கண்டதும் பிழை என்று நின்றுவிடும்.

இந்த இரண்டும் எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தன தெரியுமா? பைத்தான் 3 பிறந்தது 2008 டிசம்பர் 3. அதன் பிறகும் பழைய வரிசையில் 2.7 என்ற பதிப்பு 2010-ல் வந்தது! அதற்கான ஆதரவை 2015-ல் நிறுத்துவதாக முதலில் திட்டம். உலகம் மாறி முடிக்கவில்லை என்று பார்த்து 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். கடைசி வெளியீடான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. பதினோரு ஆண்டுக்கும் மேல், உலகெங்கும் நிரலாளர்களின் கணினிகளில் இரண்டு பைத்தான்களும் ஒரே பெயரில் வாழ்ந்திருக்கின்றன. ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளாமல் இருந்தது எப்படி?

ஊரில் நாலு முருகன் இருந்தால் என்ன செய்வோம்? கடைக்கார முருகன், மேலத்தெரு முருகன் என்று அடைமொழி சேர்ப்போம். கணினியும் அதைத்தான் செய்கிறது! பைத்தான்3.9, பைத்தான்3.12 என்று முழுப்பெயர் சொன்னால் அந்தந்த ஆள் வருவார். வெறும் 'பைத்தான்' என்று கூப்பிடும்போதுதான் வேடிக்கை. லினக்ஸ் கணினியிடம் 'பாத்' என்றொரு பட்டியல் இருக்கிறது. ஃபோல்டர்களின் முகவரிகளை நடுவே முக்காற்புள்ளி வைத்து வரிசையாக எழுதிய ஒரே ஒரு வரி. இடமிருந்து வலமாக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகும். அந்தப் பெயரில் முதலில் எழுந்து வருபவரைக் கையோடு கூட்டிவரும். அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் இருந்தாலும் அங்கே போகவே போகாது! எந்தப் பதிப்பை நேற்று இன்ஸ்டால் செய்தீர்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. வரிசையில் யார் முன்னால் என்பது மட்டும்தான் கணக்கு. புதிய பதிப்பைப் போட்ட பிறகும் பழைய எண்ணே திரையில் வருகிறது என்று தவிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இந்த ஒரு வரியைக் காட்ட ஆசைப்படுகிறேன்.

அந்த வெறும் பெயர் எல்லா ஊரிலும் ஒரே ஆளைக் குறிப்பதும் இல்லை! ஆர்ச் லினக்ஸ் 2010 அக்டோபரிலேயே 'பைத்தான்' என்றால் இனி 3 என்று மாற்றிவிட்டது. மற்ற பல லினக்ஸ்களில் அப்போது அது 2. உபுண்டு 20.04-லோ புதிதாகப் போட்ட கணினியில் 'பைத்தான்' என்ற பெயரில் யாருமே இல்லை! வேண்டுமென்றால் 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' என்ற பொதியைப் போட்டுக்கொள்ளலாம். இதுதான் அதன் உண்மையான பெயர், தெரியுமா?

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்கள் லினக்ஸ் கணினியிலிருக்கும் பைத்தான்களில் ஒன்று உங்களுடையது இல்லை! அது இயங்குதளத்தின் சொந்த வேலையாள். சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸில் மென்பொருள் நிறுவித் தரும் 'யம்' என்ற கருவியே பைத்தான் 2-ல் எழுதப்பட்டது. பைத்தானை மாற்றினேன் என்று அந்தப் பெயரை 3-க்குத் திருப்பிவிட்டால் யம் படுத்துவிடும். பிறகு எதையும் நிறுவவும் முடியாது! உபுண்டு 18.04-ல் கணினிக்குரிய பைத்தான் 3-ஐ வேறு எண்ணுக்குத் திருப்பியவர்களுக்கு டெர்மினல் சன்னலே திறக்காமல் போனதுண்டு. காரணம், அந்தச் சன்னலைத் திறந்துவிடும் சிறு நிரலும் பைத்தானில்தான் எழுதப்பட்டிருந்தது. பட்டபின் ஏற்பாடுகள் வந்தன. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 தன் வேலைக்கென்று ஒரு பைத்தானை, பாத் பட்டியலில் வராத ஃபோல்டரில் ஒதுக்கி வைத்துக்கொண்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 லினக்ஸில் கணினியின் பைத்தானுக்குள், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் என்ற கருவியைக் கொண்டு எதையாவது நிறுவப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லித் தடுக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. வாசலில் நின்று காப்பாற்றும் கை அது என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் நமக்கு வேண்டிய பத்துப் பதிப்புகளை எங்கே வைப்பது? இங்கேதான் பைஎன்வ் வருகிறது! ரூபி மொழிக்காக எழுதப்பட்ட ஆர்பிஎன்வ் என்ற கருவியிலிருந்து கிளைத்தது. இது பாத் பட்டியலின் தலையில் தன் ஃபோல்டர் ஒன்றைச் செருகிவிடுகிறது. அதற்குள் 'பைத்தான்' என்ற பெயரில் இருப்பவர் பைத்தானே இல்லை! ஆடும் மேசைக்காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து அண்டக்கொடுப்போமே, அப்படி ஒரு மெல்லிய துணுக்கு. 'ஷிம்' என்பார்கள். கூப்பிட்டதும் அது எழுந்து, நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் பதிப்பு எண் எழுதிய சிறு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மேல் ஃபோல்டர், அதற்கும் மேல், அதற்கும் மேல் என்று வட்டின் உச்சிவரை ஏறிப்போய்த் தேடும்! எங்கும் கிடைக்காவிட்டால் பொதுவாகக் குறித்து வைத்த எண். பிறகுதான் உண்மையான பைத்தானை எழுப்பும். ஒரு ஃபோல்டரிலிருந்து அடுத்ததற்குப் போனாலே மொழியின் பதிப்பு மாறிவிடுகிறது, தெரியுமா?

ஜாவாஸ்க்ரிப்ட்டை ஓட்டும் நோடுக்கு என்விஎம் என்ற கருவி. இது கணினியில் எங்கே இருக்கிறது என்று 'விச்' கட்டளையால் தேடிப் பாருங்கள், அகப்படாது! ஏனென்றால் அது தனி நிரலாக எங்கும் இல்லை. டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே ஏற்றப்பட்ட ஒரு ஃபங்ஷனாக இருக்கிறது. யூனிக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றைப் பெற்றெடுக்கும்போது தன் பாத் பட்டியலின் நகலைக் கொடுத்து அனுப்புகிறது. பிள்ளை அந்த நகலில் எதை மாற்றினாலும் தாயிடமுள்ள மூலம் மாறாது. தனி நிரலாக இருந்தால் என்விஎம் தன் நகலை மாற்றிவிட்டு மறைந்துபோகும். உங்கள் டெர்மினல் அப்படியே இருக்கும். அதனால்தான் தாயின் உடம்புக்குள்ளேயே குடியேறிவிட்டது! ரூபிக்கான ஆர்விஎம் என்ற கருவி இதிலும் ஒரு படி மேலே. ஃபோல்டர் மாறும் 'சிடி' கட்டளையையே தன்னுடையதாக மாற்றி வைத்துக்கொள்கிறது!

நோடின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு வேதித் தனிமங்களின் பெயர் வைக்கிறார்கள், அதுவும் ஆங்கில அகரவரிசையில்! 4-க்கு ஆர்கான், 6-க்கு போரான், 8-க்கு கார்பன்... 20-க்கு அயர்ன், அதாவது இரும்பு. அடுத்து 22. 'ஜே' எழுத்து. ஆங்கிலத்தில் ஜே-யில் தொடங்கும் தனிமமே இல்லை! என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெர்மன் மொழிக்குப் போய் அயோடினுக்கு அங்குள்ள பெயரை வாங்கி வந்தார்கள்: ஜே-யில் தொடங்கி எழுதும் யோட்!

எண்களிலேயே ஒரு கண்ணி உண்டு. பைத்தான் 3.9-க்கு அடுத்து 2021 அக்டோபரில் 3.10 வந்தது. பல தானியங்கிச் சோதனைகளின் அமைப்புக் கோப்புகளில் பதிப்பு எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்புகளை எழுதும் யாமல் என்ற வடிவம் அதைத் தசம எண்ணாகப் படித்தது. 3.10-ம் 3.1-ம் ஒன்றுதானே! 2009-ல் வெளியான 3.1-ஐத் தேடிக் கிளம்பிவிட்டது!

எனக்கு மிகவும் பிடித்தது இது. பைத்தான் நீங்கள் எழுதியதை இடைநிலை வடிவுக்கு மாற்றி ஒரு கோப்பில் சேமிக்கும், அடுத்த முறை வேகமாக எழுவதற்காக. ஒவ்வொரு பதிப்பின் இடைநிலை வடிவமும் வேறு. முன்பெல்லாம் எல்லாருக்கும் கோப்பின் பெயர் ஒன்றே! 2.6 ஓடினால் தன்னுடையதை எழுதும், பிறகு 2.7 ஓடினால் அதை அழித்துத் தன்னுடையதை எழுதும், மறுபடி 2.6 வந்தால் மறுபடியும் அழிப்பு! 2011-ல் 3.2 இதை முடித்துவைத்தது. 'பைகேஷ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண். உங்கள் நிரல்களின் பக்கத்தில் கேட்காமலே முளைத்து நிற்கும் அந்த ஃபோல்டரைக் குப்பை என்று அழித்திருப்பீர்கள். பல பதிப்புகள் சண்டையின்றி ஒரே இடத்தில் வாழப் போட்ட பாகப்பிரிவினை அது, தெரியுமா?

விண்டோஸில் பைத்தானைக் கூப்பிட 'பை' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் போதும், பக்கத்தில் -3.9 என்று எண்ணைப் போட்டால் அந்தப் பதிப்பு வரும். கோ மொழி 1.21 முதல், உங்கள் திட்டம் கேட்கும் பதிப்பு கணினியில் இல்லையென்றால் தானே இறக்கிக்கொள்கிறது! எல்லாவற்றையும் விஞ்சியது நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவும் கருவி. 2003-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கியது. ஒரு மென்பொருள் எந்த மூலத்திலிருந்து, எந்தக் கம்பைலரால், எந்த அமைப்புகளோடு உருவானது என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு 32 எழுத்துக் கைரேகை ஒன்றை அதன் ஃபோல்டர் பெயரில் முன்னால் வைக்கிறது. ஒரு துளி மாறினாலும் வேறு ரேகை, வேறு ஃபோல்டர்!

ரஸ்ட் மொழிக்காரர்கள் வேறொரு வழி பிடித்தார்கள். 2015, 2018, 2021, 2024 என்று மொழியில் நான்கு 'எடிஷன்'கள். நான்கையும் ஒரே கம்பைலர் புரிந்துகொள்கிறது. 2015 நடையில் எழுதிய ஒரு பகுதியும் 2024 நடையில் எழுதிய இன்னொரு பகுதியும் ஒரே நிரலுக்குள் ஒன்றாக ஓடும்! 2018-ல் 'அஸின்க்' என்ற சொல்லை மொழி தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே ஒருவர் தன் ஃபங்ஷனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தால்? அவர் பெயரை மாற்ற வேண்டியதே இல்லை. புதிய எடிஷனிலிருந்து கூப்பிடுபவர் அந்தப் பெயருக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தையும் # குறியையும் சேர்த்துக் கூப்பிட்டால் போதும். நம் ஊரில் இரண்டு முருகனைப் பிரித்தறிய இனிஷியல் போடுகிறோமே, அச்சு அசல் அப்படியே!