மோட்டார்ஹோம் ஓட்டப் பழகுதல்: புதியவரின் பதற்றமும் புதுச்சேரிச் சாலைகளும்

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, சில வண்டிகளில் கழிவறை ஆகியவற்றையும் ஓட்டுநர் இருக்கையையும் ஒரே அடிச்சட்டத்தின் மேல் கொண்ட வாகனம் ஆகும். நம் ஊரில் இதைக் கேரவன் என்றே பெரும்பாலானோர் சொல்கின்றனர். படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகத்தான் அச்சொல் இங்கே பழக்கத்துக்கு வந்தது. பிரிட்டனில் கேரவன் என்றால் காரின் பின்னால் கட்டி இழுக்கப்படும் வண்டி. தானே ஓடுவது மோட்டார்ஹோம். புதுச்சேரியில் பிரான்சு நாட்டு உறவினர் உள்ள குடும்பங்களில் இதைக் கேம்பிங் கார் என்று கேட்கலாம்.

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இன்று வேன் போன்ற வண்டிகளை வீட்டு வண்டியாக மாற்றித் தாமே ஓட்டிச் செல்ல விரும்பும் குடும்பங்களும் உள்ளன. அவ்வாறு முதன்முறை இருக்கையில் ஏறுபவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் கார் ஓட்டியவராகவே இருப்பார். ஆனாலும் கை வியர்க்கும், தோள் இறுகும், பின்னால் ஓர் ஆரன் ஒலித்தால் எதையாவது உடனே செய்ய வேண்டும் என்று தோன்றும். இக்கட்டுரை அந்தப் பதற்றத்தின் காரணங்களையும், புதுச்சேரி போன்ற நெருக்கமான ஊரில் அதைக் கடக்கும் வழிகளையும் விளக்குகிறது.

பதற்றம் ஏன் வருகிறது

கார் ஓட்டத் தெரிந்தவரின் உடலில் ஓர் அளவுகோல் பதிந்திருக்கும். எந்தச் சந்தில் நுழையலாம், எங்கே திருப்பத்தைத் தொடங்கலாம் என்பதை அவர் கணக்கிடுவதில்லை; கை தானாகச் செய்கிறது. மோட்டார்ஹோமில் அந்த அளவுகோல் முழுவதும் தவறாகிவிடுகிறது. ஆகவே இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பழைய கணக்கு இந்த வண்டிக்குப் பொருந்தாது என்று உடல் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை சரியானதே.

1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், ஓரளவு தூண்டுதல் கற்றலுக்கு உதவுகிறது, அளவு மீறினால் கடினமான வேலைகளில் தடுமாற்றம் வருகிறது என்று கண்டனர். ஓட்டுநருக்கும் இது பெரிதும் பொருந்தும். சிறிது பதற்றம் கண்ணாடியைப் பார்க்க வைக்கும். மிகுந்த பதற்றம் பார்வையை முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்திலேயே ஆணியடித்து வைத்துவிடும்.

தன்னம்பிக்கை குறித்து அதிகம் பேசப்படும் ஆய்வு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் வெளியிட்டது. ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார் அவர்: செய்து வெற்றி பெற்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடல்நிலையைத் தான் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றுள் முதலாவதே வலிமையானது. "உன்னால் முடியும்" என்று பத்துப் பேர் சொல்வதைவிட, ஒரு திருப்பத்தை இருபது முறை சரியாக எடுப்பது பயன் தரும். ஆனால் அந்த இருபது முறையும் வெற்றி கிடைக்கும் அளவுக்கு எளிய இடத்தில் தொடங்க வேண்டும். முதல் நாளே நேரு வீதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்பவருக்குக் கிடைப்பது தோல்வியின் அனுபவம். அதுவும் அதே வலிமையோடுதான் மனத்தில் பதியும்.

வண்டியின் கணக்கு

திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். முன், பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் இடைவெளி உள்ள கார் 7 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது பின்சக்கரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உள்ளே வரும். அதே திருப்பத்தில் 3.35 மீட்டர் இடைவெளி உள்ள வேன் 85 சென்டிமீட்டர் உள்ளே வரும். நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு வெட்டு ஏறத்தாழ இரு மடங்காகிறது. தெருமுனைக் கல்லில் பின்டயர் ஏறுவதும், ஓரமாக நிற்கும் ஸ்கூட்டரைப் பின்பக்கம் இழுத்துச் செல்வதும் இதனால்தான். முன்பக்கம் முனையைத் தாண்டும்வரை நேரே சென்று, பிறகே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் வீசும். இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் வலப்பக்கப் பின்மூலை சற்றே வெளியே போகும். சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியை எடுக்கும்போது இதை மறந்தால் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு விழும்.

நிறுத்தும் தூரம் இன்னொன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். அதன்பின் நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 28 மீட்டர் அளவில் தேவைப்படும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் சேர்ந்து 29 மீட்டர் போதும். பொருட்கள் ஏற்றிய வண்டியில் இந்தக் கணக்கு கூடுமே தவிரக் குறையாது. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததிலிருந்து மூன்று நொடி எண்ணிய பிறகே நாம் அக்கம்பத்தை அடைய வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான அளவு.

100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. பாதி நிரம்பிய தொட்டியில் அது அலைந்து, வளைவில் வண்டியைத் தள்ளும். பயிற்சி நாட்களில் தொட்டியைக் காலியாக வைத்துத் தொடங்கி, பிறகு முழுதும் நிரப்பி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. உயரத்தை மீட்டரிலும் அடியிலும் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவைக்க வேண்டும். கூரையில் குளிர்சாதனப் பெட்டியோ சூரியத்தகடோ பொருத்தியிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். பெட்ரோல் பங்கின் கூரை, ரயில் பாதைக்குக் கீழுள்ள சுரங்கப்பாதை, தெருவின் குறுக்கே தொங்கும் கேபிள், தாழ்ந்த வேப்பங்கிளை ஆகியவை கார் ஓட்டியபோது கண்ணிலேயே பட்டிருக்காது.

இடப்பக்கம்

வலப்பக்கம் ஓட்டுநர் இருக்கை உள்ளது. அங்கே தூரம் தெரியும். இடப்பக்கம் இரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. புதியவர் எதிரே வரும் பேருந்துக்கு அஞ்சி இடப்புறம் ஒதுங்குவார். புதுச்சேரியில் இரு சக்கர வண்டிகள் மிகுதி. அந்த நேரத்தில் இடப்பக்க இடைவெளியில் யாராவது நுழைந்துகொண்டிருப்பார். பதற்றத்தால் வரும் பிழைகளில் மிகக் கொடியது இதுவே என்று சொல்லலாம். அஞ்சுபவர் தனக்கு நேரும் ஆபத்தைப் பார்க்கிறார். அடிபடுவதோ பெரும்பாலும் அவர் பார்க்காத பக்கத்தில் ஸ்கூட்டியில் வரும் மாணவியோ, சைக்கிளில் வேலைக்குச் செல்பவரோ.

இதற்கு மருந்து பழக்கம்தான். வண்டி நிற்கும்போது ஒருவரை இடப்பக்கம் மெல்ல நடக்கச் சொல்லி, எந்த இடத்தில் அவர் கண்ணாடியிலிருந்து மறைகிறார் என்று பார்த்து வைக்க வேண்டும். மறைவிடம் எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி அச்சம் குறையும். ஓடும்போது இடது, வலது கண்ணாடிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறி மாறிப் பார்க்க வேண்டும். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது பிரிட்டன் காவல்துறை ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக உள்ள முறை. "இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டர், முன்னால் ஆட்டோ நிற்கப்போகிறது, வலப்பக்கம் காலி" என்று தமிழில் சொன்னாலும் அது வேலை செய்யும். சொல்லும்போது மூச்சும் சீராகிறது.

உரிமமும் பதிவும்

சட்டம் குறித்த ஐயமும் பதற்றத்தைக் கூட்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாதவை இலகுரக மோட்டார் வாகனங்கள். எடையைப் பதிவுச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளலாம். இலகுரக உரிமம் வைத்திருப்பவர் இதே எடைக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் கூறியதை, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. வேனை வீட்டு வண்டியாக மாற்றுபவர் அச்சட்டத்தின் 52-ம் பிரிவைக் கவனிக்க வேண்டும்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியை விருப்பம்போல் மாற்ற முடியாது. உறவினரைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வருபவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அங்கே சாலையில் வலப்புறம், இங்கே இடப்புறம்; கைகள் மறந்தாலும் வண்டி மறக்காது. அங்கே பி வகை உரிமத்தின் வழக்கமான எல்லை 3,500 கிலோ என்பதும் பொதுவாக அறியப்பட்டதே.

எங்கே பழகுவது

முதல் சில நாட்களுக்குத் திறந்த மைதானம் போதும், உரியவரின் அனுமதியோடு. செங்கல்லோ தண்ணீர் பாட்டிலோ வைத்து ஒரு தெருமுனையை உருவாக்கி, பின்சக்கரம் எங்கே வருகிறது என்று இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கிப் பார்ப்பதற்கு வெட்கப்படுபவர்கள் உண்டு. முப்பது ஆண்டு லாரி ஓட்டியவரும் ஐயம் வந்தால் இறங்கித்தான் பார்க்கிறார்.

அடுத்து, போக்குவரத்து தொடங்குமுன் விடியற்காலையில் 100 அடிச் சாலை போன்ற அகலச் சாலைகள். அங்கே நேராகச் செல்வது, தடம் பிடிப்பது, சிக்னலில் நின்று எடுப்பது ஆகியவற்றைப் பழகலாம். பிறகு திண்டிவனம் செல்லும் நான்கு வழிச் சாலை. நடுவே தடுப்பு உள்ளதால் எதிர்வண்டியின் அச்சம் இல்லை. மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் குறுகிய வழிக்குள் வண்டியை நேராக நுழைக்கும் பயிற்சியும் கிடைக்கும். தேர்வு என்று சொல்லத்தக்கது கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை செல்வது. புதுச்சேரியை விட்டதும் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. கடைகளும் ஆட்களும் நெருங்கிய கோட்டக்குப்பம் பகுதியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் குற்றமில்லை. எல்லையில் மதுபானச் சோதனைக்காகப் போலீசார் வண்டிகளை நிறுத்துவதுண்டு. அலமாரியும் கட்டிலும் உள்ள வண்டி என்றால் திறந்து காட்டச் சொல்லக்கூடும், அதற்குப் பதற வேண்டாம். முன்கூட்டியே வேகம் குறைத்து, ஓரமாக நிறுத்தி, ஆவணங்களைக் கொடுத்தால் போதும்.

வெள்ளை நகரத்தைக் கடைசிக்கு வைப்பது நல்லது. செங்குத்தாகச் சந்திக்கும் நேர்த்தெருக்கள் வரைபடத்தில் எளிமையாகத் தெரியும். ஆனால் ஒருவழித் தெருக்கள் பல. இருபுறமும் கார்களும் வாடகை ஸ்கூட்டர்களும் நிற்கும். சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதி. நடைமுறையில் முதலில் ஆரன் அடித்தவர் போகிறார். மாலையில் கடற்கரைச் சாலை வாகனங்களுக்கு மூடப்படுவதால் பக்கத் தெருக்கள் மேலும் நெருங்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். என் கருத்தில், அந்தப் பகுதிக்கு மோட்டார்ஹோமை எடுத்துச் செல்லத் தேவையே இல்லை. வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போகலாம்.

பின்னோக்கி எடுத்தலும் துணைக்கு நிற்பவரும்

பலரும் அஞ்சுவது ரிவர்ஸ் எடுப்பதற்கே. கேமரா இருந்தாலும் அது தரையைக் காட்டும், மேலே உள்ள கிளையையும் பால்கனியையும் காட்டாது. குழந்தைகள் உள்ள இடத்தில் ஒருவர் கீழே நின்றே ஆக வேண்டும். இங்கே பேருந்து நடத்துநரிடமிருந்து கற்கலாம்: ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. அந்த இரண்டே குறிகள் நெரிசலில் ஒரு பேருந்தையே நடத்துகின்றன. குடும்பத்தார் மூன்று பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் "வா, வா", "ஓல்டான்", "பார்த்து!" என்று கத்தினால் ஓட்டுநருக்கு எதுவும் விளங்காது. "பார்த்து" என்ற சொல்லில் எதைப் பார்ப்பது, எந்தப் பக்கம் என்ற தகவலே இல்லை. பதற்றம் மட்டுமே உண்டு. ஆகவே வழிகாட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். அவர் எப்போதும் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த நொடியில் வண்டி நிற்க வேண்டும், அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும்.

இரவு ஓட்டம், கனமழை, நீண்ட பயணம் ஆகியவற்றை முதல் மாதத்தில் தவிர்க்கலாம். சென்னையிலிருந்து புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். காரில் செல்பவர் மூன்று மணி நேரம் என்பார். புதியவர் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு மரக்காணத்தில் ஒரு தேநீருக்கு இறங்கலாம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் வார இறுதிச் சுற்றுலா வண்டிகள் இச்சாலையில் நிறைந்திருக்கும் என்பதால், செவ்வாயோ புதனோ காலையில் புறப்படுவது வசதி.