தோள் அறுவையும் நோவு தணிக்கும் ஊசியும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த விழிஞ்ஞம் ஒரு பழந்துறை. ஆய் மன்னர் காலத்துப் புகழும், பாறையைக் குடைந்தெடுத்த கோயிலும் அதற்கு உண்டு. 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்ற பெரிய துறைமுகமும் இன்று அங்கே இயங்குகிறது. ஆயினும் அவ்வூர் மீனவரின் வாழ்வு அவர்தம் தோள்வலிமையையே பற்றி நிற்கிறது. வலையிழுத்து உழைக்கும் தோளில் தசைநார் கிழியுமாயின், சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

தோள் அறுவைக்குப் பின் எழும் நோவு கடுமையானது. அதனைத் தணிக்க, கழுத்தின் பக்கத்தில் இரு தசைகளுக்கிடையே, கைக்குச் செல்லும் நரம்புக் கொத்தின் அருகே மரக்கச் செய்யும் மருந்தை ஊசிவழி செலுத்துகின்றனர். அல்ட்ராசவுண்டுக் கருவி நரம்பிருக்கும் இடத்தைத் திரையிற் காட்டுகிறது. தோளும் கையும் மரத்துவிடும். நோயாளி நோவின்றி இருப்பார்.

இங்கே ஓர் இடர் உண்டு. பகலில் இட்ட ஊசியின் பயன், பல வேளைகளில் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தீர்ந்துவிடுகிறது. உறவினர் உறங்கும் நேரத்தில் நோவு திடீரெனப் பெருகி எழுகிறது. இவ்விரவைக் கடத்துவது எங்ஙனம்?

டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைச் சிறிதளவு சேர்ப்பது ஒரு வழி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 8 மில்லிகிராம் சேர்த்தபோது, ரோபிவாகேய்ன் மருந்தின் பயன் ஏறத்தாழ 12 மணியிலிருந்து 22 மணியாக நீண்டது; புபிவாகேய்னின் பயன் ஏறத்தாழ 15 மணியிலிருந்து 22 மணியாயிற்று. அம்மருந்தை நரம்பருகே இடாமல் இரத்தக் குழாய்வழியே செலுத்தினும் ஏறக்குறைய அதே பயன் விளைவதைப் பெல்ஜிய மருத்துவர் 2013இல் காட்டினர். நரம்பருகே இடுவதற்கென இம்மருந்து முறையாக ஒப்புதல் பெற்றதன்று. ஆதலின் இரத்தக் குழாய்வழியையே விரும்பும் மருத்துவரும் உளர்.

நன்மையோடு எச்சரிக்கையும் வேண்டும். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடும். நீரிழிவுடையோர் அதனை முன்னரே சொல்லவேண்டும். கழுத்தில் இடும் ஊசி அப்பக்கத்து உதரவிதானத்தையும் தற்காலிகமாகத் தளரச் செய்யக்கூடும். நுரையீரல் நோயுடையோர் இதனை மறைத்தல் ஆகாது. மரத்த கைக்குச் சூடும் காயமும் தெரியா; தூக்குத்துணியில் வைத்துக் காத்தல் வேண்டும். யாவற்றினும் முதன்மையாக, மருத்துவர் தந்த மாத்திரைகளை நோவு எழுந்தபின் தேடாமல், மரப்பு நீங்குமுன்பே அவர் குறித்த வேளையில் உட்கொள்ளவேண்டும். மூச்சுத் திணறினாலோ, குறித்த காலம் கடந்தும் மரப்பு நீங்காவிடினோ, உடனே மருத்துவரை நாடுக.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் வெளிமாநிலத் தமிழர்க்கு ஒன்று கூற விழைகிறோம். தமிழில் 'வலி' என்பது நோவு; மலையாளத்தில் அச்சொல்லுக்கு இழுத்தல் என்பது பொருள். துடுப்பு வலித்தல் என்னும் வழக்கில் அப்பொருள் நம்மிடமும் எஞ்சியுள்ளது. நோவினை அவர்கள் 'வேதன' என்பர். நமக்கோ 'வேதனை' பெரும்பாலும் மனத்துயர். ஒரே சொல் இரு மொழியிலும் இருப்பதனாலேயே, தோளில் 'வலி' என்று கூறும் தமிழரும் கேட்கும் செவிலியரும் வெவ்வேறு பொருள் கொள்ளக்கூடும். ஆதலின் அறுவைக்கு முன்னரே, அவ்வூர் மொழியில் நோவுக்கும் மரப்புக்கும் மூச்சுத் திணறலுக்கும் உரிய மூன்று சொற்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க. 'இவ்வூசியின் பயன் எத்தனை மணிநேரம் நிற்கும்? அது தீருமுன் நான் என்ன செய்யவேண்டும்?' என்று மருத்துவரைத் தயங்காது வினவுக. நோவு வரும் நேரத்தை முன்னறிந்தவர்க்கு அவ்விரவு அத்துணை நெடியதன்று.