படம் எடுக்க அனுப்புமுன் ஒரு கேள்வி

அண்மையில் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் தாதியருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்குமாக இரண்டு நாள் செயலமர்வு நடைபெற்றது. எக்ஸ்ரே, ஸ்கான் போன்ற படங்களுக்கு ஒருவரை எப்போது அனுப்பவேண்டும், அனுப்பும் துண்டில் எதை எழுதவேண்டும், அதற்குமுன் எதைக் கேட்கவேண்டும் என்பனவே விடயங்கள். வைத்தியர் ஒருவரும் எக்ஸ்ரே எடுக்கும் உத்தியோகத்தர் ஒருவரும் வளவாளர்களாக வந்திருந்தனர். பெண்களிடம் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேச என்னை அழைத்திருந்தார்கள். சமூகவியல் படித்தவளுக்கு எக்ஸ்ரே அறையில் என்ன வேலை என்று என் அம்மாவே கேட்டார்.

நான் போனதற்குக் காரணம் ஓர் அக்கா. எங்கள் தையல் குழுவில் இருப்பவர். "எழுது பிள்ளை, பெயரை மட்டும் போடாத" என்று சொன்னதால் எழுதுகிறேன்.

அவருக்குப் பல வருடங்களாக நாரிநோ. ஒரு கால் விறைக்கவும் தொடங்கியதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். துணைக்கு நான் போனேன். வாசலில் நின்றவர், "உலோகம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று சொல்லிவிட்டு, தோட்டையும் காப்பையும் கழற்றி என் கையில் தந்தார். நானும் வாங்கிக் கைப்பையில் போட்டேன். 2009ஆம் ஆண்டு மாத்தளனில் அவருக்குச் செல் பட்டது எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறார். ஆனால் அந்த வாசலில் நின்றபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

உடுப்பு மாற்ற உதவிய இளம் தாதிதான் முதுகைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ன தழும்பு?" என்று கேட்டிருக்கிறார். "செல் பட்டது பிள்ளை." உடனே எல்லாம் நின்றது. அன்றே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூன்று துண்டுகள். அதில் ஒன்று முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது பென்னாம்பெரிய காந்தம். படம் எடுக்காத நேரத்திலும் அதன் காந்தம் ஓய்வதில்லை. உடம்பில் கிடக்கும் இரும்புத் துண்டு அங்கே அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ, முள்ளந்தண்டுக்கு அருகிலோ, பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் ஆபத்து. இதற்காகச் செல் பட்ட எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். நெடுநாள் தசைக்குள் ஊறிக்கிடக்கும் துண்டென்றால், எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்த்துவிட்டு, எடுக்கலாமா என்று அதற்கான விசேட வைத்தியர் முடிவு செய்வார். ஆனால் துண்டு இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்லவேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நகையைத்தான் கேக்கினம் எண்டு நினைச்சன். மற்றது, காயம் எண்டு சொன்னா எங்க பட்டது, எப்ப பட்டது, அங்க என்ன செய்தனீ எண்டு கேப்பினம். பத்துப்பேர் நிக்கிற இடத்தில ஏன் பிள்ளை அந்தக் கதை?"

செயலமர்வில் நான் பேசியது முழுவதும் அக்காவின் இந்த வார்த்தைகளைப் பற்றித்தான். எங்கள் பெண்களுக்கு உடம்பில் உள்ள தழும்பு வெறும் தழும்பு அல்ல. அதைக் காட்டி விளக்கம் சொல்லிக் களைத்தவர்கள் பலர். ஆகவே "உலோகம் இருக்கா" என்று கேட்டால் போதாது. ஒதுக்கமாக அழைத்து, "சண்டை நேரம் செல், சன்னம், குண்டுத் துண்டு ஏதும் பட்டதா? படம் எடுக்கிற மெசின் அதை இழுக்கும், அதுக்காகத்தான் எல்லாரிட்டயும் கேக்கிறம். எங்க, எப்பிடி எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை" என்று கேட்கவேண்டும். கடைசி வாக்கியம்தான் பெண்களின் வாயைத் திறக்கும். ஒரு தாதி எழுந்து, "இவ்வளவையும் சொல்ல எங்களுக்கு நேரம் எங்க மிஸ்?" என்றார். அவர் சொன்னது நியாயம். அவருடைய வார்டில் அன்று வேலைக்கு நின்றவர்கள் இரண்டே பேர். எழுதி ஒட்டலாமா என்று யோசித்தோம். ஒட்டினாலும் வாசிக்கக் கண்ணாடி இல்லாதவர்கள் பலர் என்று இன்னொருவர் சொன்னார்.

மற்றக் கேள்வி கர்ப்பம் பற்றியது. எக்ஸ்ரேயும் சீ.ரீ. ஸ்கானும் கதிரைக் கொண்டு எடுப்பவை. வயிற்றில் பிள்ளை இருக்கக்கூடும் என்றால் முன்கூட்டியே தெரியவேண்டும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் கதிர் இல்லை, அது ஒலி அலை. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஸ்கானுக்குப் பயந்து போகாமல் இருந்தவர்களும் உண்டு. பயமே இல்லாமல் எக்ஸ்ரேக்குப் போனவர்களும் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பதில் உள்ள ஆபத்தை உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண். இங்கிலாந்தைச் சேர்ந்த வைத்தியர் அலிஸ் ஸ்டுவர்ட். புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் தாய்மாரிடம் கர்ப்ப காலத்தில் நடந்தவற்றைக் கேட்டுத் திரட்டச் செய்தார். சுகமாக இருக்கும் பிள்ளைகளின் தாய்மாரிடமும் அதே கேள்விகள் கேட்கப்பட்டன. கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடையே நோய் கூடுதலாக இருந்ததை 1956இல் அறிவித்தார். பெரியவர்கள் பலர் பல வருடங்களாக அதை ஏற்கவில்லை. தாய்மாரின் ஞாபகத்தை எப்படி நம்புவது என்றார்களாம்!

அளவையும் சொல்லவேண்டும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏறத்தாழ பத்து நாட்களில் நம்மீது தானாகவே படும் அளவுதான். வயிற்றுக்கு எடுக்கும் சீ.ரீ. ஸ்கானில் சில வருடங்களுக்குரிய கதிர் படும். தேவைக்கு எடுத்தால் பயமில்லை. தேவையில்லாமல் கேட்டு வாங்கவும் கூடாது. "ஒரு படம் எழுதித் தாங்கோ மிஸ்" என்று தாதியைக் கரைச்சல்படுத்துகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

சரி, கர்ப்பமா என்று எப்படிக் கேட்பது? வரிசையில் நின்ற ஒரு விதவையிடம் சத்தமாகக் கேட்டு அவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனதை ஒரு குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். திருமணமாகாத பிள்ளை, மாமியாரோடு வந்த மருமகள், இவர்களெல்லாம் சபையில் உண்மை சொல்லமாட்டார்கள். கடைசியாக மாதவிடாய் வந்த திகதியைத் தனியாக, எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்பதுதான் வழி என்று முடிவாயிற்று.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டவிதிகள், வைத்தியர் அல்லாத சுகாதாரப் பணியாளரும் தம் நிறுவனத்தின் அனுமதியுடன் எக்ஸ்ரேக்கு அனுப்ப இடம் கொடுத்தன. பயிற்சி பெற்ற தாதியர் அங்கே தாமே துண்டு எழுதுகிறார்கள். நமது கிராமத்தில் குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக்குக்கோ வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார், படத்துக்கு எழுதுபவர் வைத்தியர். ஆனாலும் ஒரு பெண் தன் வருத்தத்தை முதலில் சொல்வது வீட்டுக்கு வரும் மிஸ்ஸிடம்தான். மார்பில் கட்டி என்று கணவனிடம்கூடச் சொல்லாதவர்கள் அவரிடம் சொல்கிறார்கள். அப்படியானவரைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்பினால், அங்கே பரிசோதித்து மேற்கொண்டு அனுப்புவார்கள். கட்டி இருந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இளம் வயதென்றால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட், வயது கூடினால் மமோகிராம் என்று வளவாளர் விளக்கினார். இளம் மார்பின் இறுக்கம் மமோகிராமில் கட்டியை மறைத்துவிடுமாம்.

துண்டு எழுதும் பயிற்சி சிரிப்பாகவும் இருந்தது. "வயிற்று நோ" என்று இரண்டு சொல் எழுதியவரிடம், "யாருக்குத்தான் இல்லை?" என்று கேட்டார் வைத்தியர். எந்தப் பக்கம், எத்தனை நாள், என்ன சந்தேகம், பழைய காயம், பழைய படம் எல்லாம் எழுதவேண்டும். பழைய படங்களை இடம்பெயரும்போது தொலைத்தவர்கள் நாங்கள். இப்போது எடுப்பதையாவது அலுமாரியில் வைத்திருங்கள், மடிக்காமல்.

இரண்டாம் நாள் பின்னேரம், ஓய்வுபெறப் போகும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்னிடம் வந்தார். 2009இல் எட்டு வயதில் காயப்பட்ட ஒரு பிள்ளை இப்போது அவருடைய பிரிவில் கர்ப்பிணி. "நான்தான் அவளுக்குத் தடுப்பூசி போட்டனான். அந்தக் காயத்தை அவளின்ர அட்டையில எழுதேல்லை. எனக்குத் தெரியும்தானே எண்டு விட்டிட்டன். நான் போனாப் பிறகு வாறவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அடுத்த நாளே அந்த வீட்டுக்குப் போய் எழுதிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.

எங்கள் அக்காவுக்கு அந்த இளம் தாதி ஒரு சிறிய அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பில் மூன்று செல் துண்டுகள், எந்த எந்த இடம், எம்.ஆர்.ஐ.க்கு முன் வைத்தியரிடம் காட்டவும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அக்கா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துக் கைப்பையில் வைத்திருக்கிறார்.