டச்சு நகர நாணயங்களில் மரபுச்சின்னங்கள்

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்தின் சில நகரங்கள் தங்கள் பெயரிலேயே நாணயம் அச்சிட்டன. அவற்றில் நகரத்தின் மரபுச்சின்னம், பெரும்பாலும் கேடய வடிவில், பொறிக்கப்பட்டது. இச்சின்னம் அழகுக்காக மட்டும் இடப்பட்டதன்று. நாணயத்தின் எடைக்கும் தரத்துக்கும் பொறுப்பு யார், அச்சிடும் உரிமை எங்கிருந்து வந்தது என்பவற்றை அது காட்டியது. எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்து நாணயத்தை அடையாளம் காண முடிந்தது.

நகரங்களும் சின்னங்களும்

• தெவெந்தர்: ஒற்றைத்தலைக் கழுகு
• கம்பன்: மூன்று கோபுரங்கள் கொண்ட நகர வாயில்
• சுவோல்: சிலுவை
• நைமேகன்: இரட்டைத்தலைக் கழுகு, அதன் மார்பில் சிங்கம் உள்ள சிறு கேடயம்
• குரோனிங்கன்: இரட்டைத்தலைக் கழுகு, அதன் மார்பில் கிடைப்பட்டை உள்ள சிறு கேடயம்

தெவெந்தர், கம்பன், சுவோல் ஆகிய மூன்றும் 16-ஆம் நூற்றாண்டில் கூட்டாகவும் நாணயம் வெளியிட்டன. அவற்றில் மூன்று நகரங்களின் கேடயங்களும் ஒருங்கே இடம்பெற்றன.

பேரரசின் கழுகு

நகர நாணயங்கள் பலவற்றின் ஒரு பக்கத்தில் நகரச் சின்னமும், மறுபக்கத்தில் புனித ரோமானியப் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகும் காணப்படும். சிலவற்றில் இரண்டாம் ருடால்ஃப், மத்தியாஸ் போன்ற பேரரசர்களின் பெயரும் உண்டு. இது முரணாகத் தோன்றலாம். ஏனெனில் ஹப்ஸ்பர்க் குடும்பத்தைச் சேர்ந்த எசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியை டச்சு மாகாணங்கள் 1581-இல் மறுத்துவிட்டன. பேரரசர்களும் அதே குடும்பத்தினரே. ஆயினும் இந்நகரங்கள் தங்களைப் 'பேரரசு நகரம்' என்றே நாணயத்தில் குறித்தன. அந்தத் தகுதியே அவற்றின் நாணய உரிமைக்கு அடிப்படை. கழுகை நீக்கினால் அந்த உரிமைக்கான சான்றையும் நீக்கியதாகிவிடும்.

முற்றுகை நாணயங்கள்

எசுப்பானியப் படை 1572–73-இல் ஹார்லெம் நகரை முற்றுகையிட்டபோது, அங்கு வெள்ளித் துண்டுகளில் நகரச் சின்னம் முத்திரையிடப்பட்டது. நிமிர்ந்த வாள், அதன் மேல் சிலுவை, சுற்றிலும் நான்கு விண்மீன்கள் ஆகியவை அச்சின்னத்தின் கூறுகள். லைடன் நகர முற்றுகையில் (1573–74) தேவாலய நூல்களின் தாள்களை அழுத்திக் காகித நாணயங்கள் செய்யப்பட்டன. அவற்றில் நகரின் குறுக்குச் சாவிகளும், விடுதலைத் தொப்பியுடன் நிற்கும் சிங்கமும் இருந்தன. அந்தச் சாவிகள் நகரின் காவல் புனிதரான பேதுருவைக் குறிப்பவை.

வெள்ளி நாணயத்துக்கு உலோகத்தாலேயே மதிப்புண்டு. காகிதத்துக்கு அது இல்லை. லைடன் மக்கள் அதைப் பெற்றுக்கொண்டது, மேலே இருந்த சாவிகளுக்குப் பின்னால் தங்கள் நகரம் நிற்கும் என்ற நம்பிக்கையால்தான்.